நீல மூடி

மார்ச் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை என்று அப்பாவை எடுத்த அன்று வாசலில் நின்று நீ சொன்னாய். ஆகவே அதை விட்டுவிடுகிறேன். என் நம்பரை நீ பிளாக் செய்து வைத்திருப்பதால் தபால்காரருக்குத்தான் தொந்தரவு.

மூன்று கேள்விகள். கோபத்தைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு யோசித்துப் பதில் எழுது. கிரேன் கேபினுக்கு ஏறும்போது நடுவில் நிற்கிறாயா? சாயங்காலம் ஆனால் கண் இமை கனக்கிறதா? கையிலிருந்து பொருள் ஏதாவது காரணமில்லாமல் நழுவுகிறதா?

மூன்று வருடம் முன்னால் நீ என் ஆய்வுக்கூடத்துக்கு வந்திருந்தபோது உன் கையின் உட்புறத்திலிருந்து மிளகளவு தோல் எடுத்தோமே, அதைப் பற்றித்தான். தோல் செல்களைக் குப்பியில் போட்டுச் சாப்பாடு கொடுத்து வளர்ப்பது என் பிழைப்பு என்று உனக்குத் தெரியும். அந்த மிளகளவு தோல் இன்னும் உயிரோடு இருக்கிறது.

உன் மகள் சின்னது பள்ளிக்கூடம் போகிறாளா? ஓடி விளையாடுகிறாளா? அதையும் எழுது.

அக்கா


மார்ச் 12

அக்கா,

ஒன்றரை வருடம் கழித்து எழுதுகிற கடிதத்தில் இமை கனக்கிறதா என்று கேட்கிற அக்கா உலகத்தில் நீ ஒருத்திதான் இருப்பாய். நல்லா இருக்கு உன் நியாயம்!

சரி, கேட்டதற்குப் பதில். கேபினுக்கு நூற்று எண்பத்திரண்டு படி. தொண்ணூறாவது படியில் ஒரு மேடை இருக்கிறது, அங்கே நின்று தண்ணீர் குடிப்பேன். இந்தத் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற எல்லாரும் அங்கே நிற்பார்கள். நிற்காமல் ஏறினால் அவன் மனுஷனே இல்லை, குரங்கு. எட்டு மணி நேரம் காலடியில் இருக்கிற கண்ணாடி வழியாகக் குனிந்தே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்குத்தான் இமை கனக்காது? போன வாரம் சாப்பாட்டு டப்பா கை தவறி நாற்பது மீட்டர் கீழே விழுந்தது. கீழே ஆள் இல்லை. டப்பா சப்பையானதுதான் மிச்சம். போதுமா?

இப்போது நான் கேட்கிறேன். கடைசி ஏழு மாதம் அப்பா பாதிக் கண்ணை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து, "அவ எப்படா வரா?" என்று தினமும் கேட்டார். போன் செய்தால் நீ, "அடுத்த மாசம்டா, செல்லை விட்டுட்டு வந்தா செத்துப்போயிடும்" என்றாய். செல் பிழைத்துக்கொண்டது. அப்பா மாடிப்படியில் ஏறிக்கொண்டிருந்தவர் ஏழாவது படியில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. ஹார்ட் நின்றுவிட்டது என்றார்கள். நீ மறுநாள் மத்தியானம் வந்து சேர்ந்தாய்.

தோல் எடுத்த நாள் ஞாபகம் இல்லாமலா? எனக்கு எடுத்த கையோடு உனக்கும் எடுத்தார்கள். ஊர்த் தோலையெல்லாம் வளர்க்கிறவளுக்குத் தன் ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம்! பஞ்சை அழுத்திக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாய். "மூடியைப் போடுடா" என்றாய். இரண்டு குப்பிக்கும் நான்தான் மூடி போட்டேன். ஒரு டீகூட வாங்கித் தரவில்லை நீ.

சின்னது ஓடுகிறாள், குதிக்கிறாள், நேற்று பீரோ மேல் ஏறி உட்கார்ந்திருந்தாள். என்ன விஷயம்? சுற்றி வளைக்காமல் சொல்.

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

சொல்லக் கூடாது என்று எங்கள் பேராசிரியர் உத்தரவு. ஆராய்ச்சியில் தெரிந்ததை வீட்டுக்குக் கொண்டுபோகாதே என்கிறார். நான் கொண்டுவருகிறேன். பிறகு என்ன ஆனாலும் ஆகட்டும்.

நோயாளியின் செல்லை ஒப்பிட்டுப் பார்க்க நோய் இல்லாத ஒருவரின் செல் வேண்டும். அதற்கு வெளியில் ஆள் தேட சோம்பல்பட்டு நாங்கள் எங்கள் தோலையே கொடுப்போம். இல்லாவிட்டால் வீட்டிலிருந்து யாரையாவது இழுத்து வருவோம். அப்படித்தான் உன்னை இழுத்தேன். எங்கள் கூடத்தில் ஆளுக்கொரு நிறம் உண்டு, என் குப்பிகளுக்கு எப்போதும் சிவப்பு மூடி. அன்றைய நோட்டில் சிவப்பு நான், நீலம் நீ என்று எழுதியிருக்கிறேன்.

மூன்று வருடம் இரண்டும் ஒன்றுபோலத்தான் வளர்ந்தன. போன நவம்பரில் ஒரு புதுச் சோதனைக்காக அவற்றின் சாப்பாட்டில் சர்க்கரையை மாற்றினேன். மைட்டோகாண்ட்ரியா உழைத்தால்தான் அந்தச் சர்க்கரையில் பிழைக்க முடியும். அதுதான் செல்லுக்குள் சக்தி தயாரிக்கிற அறை. சிவப்பு பிழைத்தது. நீலம் நான்கே நாளில் செத்தது. கிருமி புகுந்திருக்கும் என்று நினைத்து டீப் ஃப்ரீசரிலிருந்து வேறு குப்பி எடுத்தேன். அதுவும் செத்தது. மூன்றாவதும்.

அந்த அறைக்கு வேண்டிய ஆயிரத்துச் சொச்சம் புரதங்கள் வெளியேதான் தயாராகின்றன. ஒவ்வொன்றும் நூல்போல நீண்டு, ஒரு வாசல் வழியாக உள்ளே போக வேண்டும். நீலக் குப்பியில் ஒரு புரதத்துக்கு மட்டும் மரபணுவில் எழுதிவைத்த குறிப்பிலேயே பிழை. அது வாசலில் பாதி உள்ளே, பாதி வெளியே சிக்கி நிற்கிறது. பின்னால் வருகிறவை நுழைய முடியவில்லை. அந்தப் பிழை பெற்றவரிடமிருந்து பிள்ளைக்கு வரும். பாதிக்குப் பாதி வாய்ப்பு. முதலில் இமை, பிறகு கால், கை. சிலருக்கு இதயம்.

அப்பாவுக்கு இருந்தது தூக்கக் கலக்கம் இல்லைடா.

கிரேனில் ஏறாதே. பெரிய ஆஸ்பத்திரியில் ரத்தம் கொடுத்து அந்த ஒரு பிழை இருக்கிறதா என்று பார்க்கச் சொல். என்ன கேட்க வேண்டும் என்று தனித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். சின்னதுக்கும் பார்க்க வேண்டும். இதை எழுதக் கை வரவில்லை. எழுதிவிட்டேன்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

மேலேயிருந்து பார்த்தால் எங்கள் கேட் நன்றாகத் தெரியும். போன வருடம் ஒரு லாரிக்காரன் உயரம் பார்க்காமல் பெட்டியை ஏற்றிக்கொண்டு வந்து கேட்டின் மேல் விட்டத்தில் மாட்டிக்கொண்டான். முன்பக்கம் உள்ளே, பின்பக்கம் ரோட்டில். என்ன செய்தோம்? டயரில் காற்றை இறக்கி, பின்னால் சங்கிலி கட்டி இழுத்து, அந்த லாரியை நேராகப் பழைய இரும்புக்காரனிடம் அனுப்பினோம். டிப்போவுக்குப் போன் போட்டு, "லாரி அனுப்பாதீங்கய்யா, இங்க நிக்க இடமில்ல" என்று சொன்னோம். ரோட்டில் நின்ற மீன் வண்டி ஒழுகி மூன்று நாள் நாற்றம். ஆனால் சமாளித்தோமா இல்லையா?

உன் செல்லும் அப்படித்தானே சமாளிக்கும்? மூன்று வருடம் ஒன்றும் ஆகவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். நீயாகச் சாப்பாட்டை மாற்றிக் கொன்றுவிட்டு என்னைப் பயமுறுத்துகிறாய். நான் என் சாப்பாட்டை மாற்றப்போவதில்லை. சமாளிச்சுக்கலாம், விடு.

உண்மையைச் சொல்லட்டுமா? அப்பா உயிரோடு இருந்தபோது அவர் முகத்தை நீ பார்க்கவில்லை. இப்போது பார்க்கிற இடத்தில் எல்லாம் அவர் தெரிகிறார். அந்தப் பாவத்தை என் தலையில் ஏன் கட்டுகிறாய்?

இதோடு முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் உன் கடிதத்தை என் பெண்டாட்டி படித்துவிட்டாள். சின்னது மத்தியானம் தூங்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து அவள் இமையையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாப்பிடக் கூப்பிட்டாலும் வருவதில்லை. நல்ல வேலை செய்தாய் போ.

தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

இருபது வருடம் படித்த நான் சொன்னதைவிட உன் லாரி கணக்காக இருக்கிறது. செல்லும் அதையேதான் செய்கிறது. வாசலுக்கு வெளியே ஓர் இழுவைக்காரன் இருக்கிறான், சிக்கியதைப் பின்னால் இழுத்து எடுத்து அரவை இயந்திரத்துக்கு அனுப்புகிறான். தயாரிக்கிற இடத்துக்கும் தகவல் போகிறது: கொஞ்சம் குறை, இங்கே இடமில்லை. அரவை இயந்திரங்கள் கூடுதலாக முளைக்கின்றன. முதல் தடவை பார்த்தபோது கைதட்டத் தோன்றியது எனக்கு.

ஆனால் உங்கள் கேட்டில் ஒரு லாரி ஒரு நாள்தான் சிக்கியது. இங்கே பிழையான லாரி தினமும் வருகிறது. இழுவைக்காரனுக்கு ஓய்வே இல்லை. அரவை இயந்திரம் இந்த ஒன்றையே அரைத்துக்கொண்டிருப்பதால் மற்ற குப்பை தேங்குகிறது. வெளியே காத்திருக்கிற புரதங்கள், உன் மீன் வண்டிபோலக் கெட்டு, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. பழுது பார்க்க வேண்டிய உறுப்புகளும் அதே வாசல் வழியாகத்தான் உள்ளே வர வேண்டும், அவையும் வர முடியவில்லை. கடைசியில் செல் வேறு வழியில்லாமல் அந்த அறையையே விழுங்கிச் செரித்துவிடுகிறது. ஒன்று, பிறகு இன்னொன்று. இவ்வளவு நடக்கும்போதும் வெளியிலிருந்து பார்த்தால் செல் நன்றாகத்தான் இருக்கும். சமாளிக்கும் வரைக்கும் ஒன்றுமே தெரியாது. நான் பயப்படுவது அதற்குத்தான்.

அப்பாவும் சமாளித்தார். சுவர்க் கடிகாரம் பார்க்க முகவாயைத் தூக்குவாரே, "பெரிய ஆபீசர் வந்துட்டாரு" என்று நாம் கேலி செய்வோமே. கண் திறக்காததால் தலையைத் தூக்கியிருக்கிறார். படியில் பாதியில் நின்று சட்டைப்பையில் சாவி தேடுவார். சாவி அவர் கையிலேயே இருக்கும்.

நான் வராதது தப்புதான். அவர் கேட்ட நாட்களில் நான் உன் நீலக் குப்பிக்குச் சாப்பாடு மாற்றிக்கொண்டிருந்தேன். மன்னித்துவிடு என்று நேரில் சொல்ல வாய் வரவில்லை, இங்கே சொல்கிறேன்.

சின்னதுக்காக என் போட்டோ ஒன்று வைத்திருக்கிறேன், போன வாரம் கூடத்தில் எடுத்தது. இங்கே இரண்டு மாதமாக லிஃப்ட் ரிப்பேர். எங்கள் கூடம் மூன்றாவது மாடி, அறுபத்து நான்கு படி. இரண்டாவது மாடியில் நின்று அறிவிப்புப் பலகை படித்துவிட்டுத்தான் ஏறுகிறேன். காணாமல்போன குடை முதல் வாடகை வீடு வரை எனக்கு மனப்பாடம்.

ரத்தம் கொடுடா. உன் காலில் விழுகிறேன்.

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

கொடுத்தோம். நானும் சின்னதும். ஊசி குத்தும்போது அவள் அழவில்லை, நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆறு வாரம் ஆகுமாம்.

கம்பெனி டாக்டரிடம் உன் தாளைக் காட்டினேன். அவர் படித்துவிட்டு, "முடிவு வர்ற வரைக்கும் நீங்க மேல போக வேண்டாம் தம்பி" என்றார். அன்றைக்கே கேபின் சாவியை வாங்கிக்கொண்டார்கள். இப்போது கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து லாரி நம்பர் எழுதுகிறேன். பதினான்கு வருடம் மேலே இருந்தவன்! என் கிரேனில் வேறொருவன் ஏறுகிறான், தொண்ணூறாவது படியில் நிற்கிறான், நான் கீழேயிருந்து அண்ணாந்து பார்க்கிறேன். பசங்க, "என்னண்ணே, தரை நல்லா இருக்கா?" என்று கேட்கிறார்கள். சிரித்துவைக்கிறேன்.

ஆனால் உனக்கு மட்டும் சொல்கிறேன். அந்த டப்பா விழுந்தது திரும்பத் திரும்ப ஞாபகம் வருகிறது. அது டப்பாவாக இல்லாமல் இருபது டன் பெட்டியாக இருந்து, கீழே பசங்களும் நின்றிருந்தால்? என் கை என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருக்கிறது. காலையில் பல் தேய்க்கும்போது கண்ணாடியில் இரண்டு இமையையும் அளந்து பார்க்கிறேன். இடது கொஞ்சம் கீழே இருக்கிற மாதிரி இருக்கிறது. பெண்டாட்டி, "உங்களுக்கு எப்பவுமே அப்படித்தான்" என்கிறாள். நிஜமாகச் சொல்கிறாளா, ஆறுதலுக்குச் சொல்கிறாளா, தெரியவில்லை.

உன் போட்டோவைச் சின்னது சுவரில் ஒட்டிவிட்டாள். "அத்தை ஏன்பா மேலயே பாக்கறாங்க?" என்று கேட்டாள். மேலே பல்லி இருந்திருக்கும் என்று சொல்லிவைத்தேன்.

தம்பி


மே 15

தம்பிக்கு,

இப்போதெல்லாம் பேனா நழுவுகிறது, கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். நாள் முழுக்கச் செல்லுக்குச் சாப்பாடு விடுகிற சொட்டுக் குழாயைப் பிடித்துப் பிடித்துக் கை ஓய்ந்துவிடுகிறது.

நீலக் குப்பிக்குச் சர்க்கரையை ஒரேயடியாக மாற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பார்க்கிறேன். மூன்று வாரம் தாக்குப்பிடித்துவிட்டது! இழுவைக்காரன் ஓயாமல் இழுக்கிறான். இரண்டு நாளுக்கு ஒரு முறை சாப்பாடு மாற்றும்போது, "இன்னும் கொஞ்சம் பொறுடா" என்று பேசுகிறேன். பக்கத்து மேஜைக்காரர் ஒரு மாதிரி பார்க்கிறார். பார்க்கட்டும். அதில் இருப்பது என் தம்பி.

ஆனால் ஓரத்தில் இருக்கிற செல்களில் கட்டிகள் தெரிய ஆரம்பித்திருக்கின்றன. முடிவு வந்ததும் எழுது. வராவிட்டாலும் எழுது.

அக்கா


ஜூன் 11

அக்கா,

போன வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. எனக்கு இல்லை. சின்னதுக்கும் இல்லை. அந்தப் பிழை இரண்டு பேரிடமும் சுத்தமாக இல்லை என்று டாக்டர் இரண்டு தடவை சொன்னார். பெண்டாட்டி ஆஸ்பத்திரி நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. மூன்று மாதம்! என்னைத் தரையில் உட்கார வைத்து, குழந்தைக்கு ஊசி குத்தி, வீட்டையே கலங்கடித்துவிட்டாளே என்று உனக்குப் பக்கம் பக்கமாகத் திட்டி எழுதினேன். அந்தக் கடிதம் இங்கேதான் இருக்கிறது. அனுப்பவில்லை.

ஏன் அனுப்பவில்லை என்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை அடுத்த வீட்டுப் பையன் விளையாட வந்திருந்தான். என் பெண்டாட்டி பால் கொடுக்க ஒரு சிவப்பு டம்ளரும் ஒரு நீல டம்ளரும் எடுத்தாள். சின்னது பாய்ந்து சிவப்பைப் பிடுங்கிக்கொண்டு, "சிவப்பு என்னோடது!" என்று கத்தினாள். நான் சிரித்தேன். அப்படியே சிரிப்பு நின்றுவிட்டது.

நம் வீட்டில் பிரஷ், டம்ளர், பள்ளிக்கூடப் பை, குடை, எது வாங்கினாலும் இரண்டு நிறம். சிவப்பு எனக்கு, நீலம் உனக்கு. நான் அழுது அடம்பிடித்து வாங்கியது அந்தச் சிவப்பு. நீ விட்டுக்கொடுத்தாய். அன்றைக்கு உன் கூடத்தில் மேஜை மேல் இரண்டு மூடி இருந்தது. "மூடியைப் போடுடா" என்றாய். எது யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? சிவப்பை என் குப்பிக்குப் போட்டேன். நீலத்தை உன் குப்பிக்குப் போட்டேன். நீ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

நீலம் எப்பவும் உன்னோடதுதானேக்கா.

அதன் பிறகு சுவரில் இருக்கிற உன் போட்டோவைப் போய்ப் பார்த்தேன். முகவாயைத் தூக்கிக்கொண்டு அச்சு அசல் அப்பா. அறிவிப்புப் பலகை படிக்கிறேன் என்று எழுதினாயே, பேனா நழுவுகிறது என்று எழுதினாயே, இதையெல்லாம் படித்துவிட்டு மடித்து வைத்த நான் ஒரு மடையன்.

உன் நம்பரை அன்றைக்கே திறந்துவிட்டேன். பதினோரு தடவை கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. எடு. எடுக்காவிட்டாலும் பரவாயில்லை, படி ஏறாதே. உனக்குப் புண்ணியமாய்ப் போகும், லிஃப்ட் வருகிற வரைக்கும் லீவு போடு.

நான் கத்தினதை எல்லாம் மறந்துவிடு.

தம்பி


ஜூன் 20

தம்பிக்கு,

போன் அடித்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். முதல் பத்துத் தடவை, கெட்ட சேதி சொல்லத்தான் கூப்பிடுகிறாய் என்று நினைத்துப் பயந்தேன். பதினோராவது தடவை கை எட்டுவதற்குள் நின்றுவிட்டது. பிறகு உன் கடிதம் வந்தது. அதற்கப்புறம் உன் குரலைக் கேட்டால் உடைந்துபோவேன் என்று நானும் கூப்பிடவில்லை.

குப்பியில் இருப்பது ஆணின் செல்லா பெண்ணின் செல்லா என்று பார்க்க ஒரு மத்தியானம் போதும். யார் கேட்டாலும் செய்துகொடுப்பேன். மூன்று வருடத்தில் எனக்கு அது தோன்றவே இல்லை. என் கையெழுத்தில் எழுதியிருந்ததல்லவா, அதை எதற்குச் சோதிப்பது? உன் கடிதம் வந்த அன்று செய்தேன். நீலம் பெண்.

நீயும் சின்னதும் தப்பித்தீர்கள். அதைப் படித்ததும் முதலில் வந்தது சந்தோஷம்தான், சத்தியமாக. என்னைப் பற்றிய நினைப்பு அப்புறம்தான் வந்தது. கண்ணாடி முன்னால் நின்று முகவாயை இறக்கிப் பார்த்தேன். கண்ணாடியின் மேல் பாதி தெரியவில்லை.

பேராசிரியரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா" என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. அடுத்த வாரம் இதய டாக்டரைப் பார்க்க வேண்டும்.

நேற்று நீலக் குப்பியைக் கையில் எடுத்தேன். கட்டிகள் ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்துவிட்டன. ஆனாலும் இழுவைக்காரன் இழுத்துக்கொண்டுதான் இருக்கிறான். கொட்டிவிடலாம் என்று தோன்றியது. மனசு வரவில்லை. சாப்பாடு மாற்றினேன், மூடியைப் போட்டேன், இடத்தில் வைத்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறதுடா. இதை யாரிடமும் சொல்லவில்லை.

நீ வா. லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. காலையில் எப்படியோ ஏறிவிடுகிறேன், சாயங்காலம் இறங்குவதற்குத்தான் கால் நிற்கவில்லை. நூற்று எண்பத்திரண்டு படி ஏறுகிறவனுக்கு அறுபத்து நான்கு படி ஒரு பொருட்டா? கீழே நின்று கூப்பிடாதே, மேலே ஏறி வந்து என் கையைப் பிடித்துக்கொள்.

அக்கா